கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

மற்ற வேலைகளில் தப்பு செய்தால் திட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடலாம். மொழிபெயர்ப்பு வேலையில் அந்தத் திட்டையும் நாமே மொழிபெயர்த்துச் சொல்லியாக வேண்டும். என்னைப் போல அகராதியோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சும்மா கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் செஞ்சிக்கு வெளியே திருவண்ணாமலை ரோட்டில் தண்ணீருக்காகப் பாறையில் துளை போடும் முகாம் ஒன்று நடந்தது. துளை போடும் எந்திரம் ருஷ்யாவிலிருந்து வந்தது. அதை ஓட்டிக் காட்ட ஒரு ருஷ்ய இன்ஜினீயரும் வந்தார். ஆனால் அதோடு சேர்க்கவேண்டிய கம்ப்ரஸர், இழுவை மெஷின், இரும்புக் கயிறு, குழாய் எல்லாம் சீமைச் சரக்கு. அவற்றின் புத்தகங்கள் எல்லாம் இங்கிலீஷ். எதை எவ்வளவு இழுக்கலாம், தள்ளலாம், திருகலாம், வளைக்கலாம், எந்த இடத்தில் உடையும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். இன்ஜினீயருக்கு இங்கிலீஷில் ‘குட்’, ‘நோ குட்’ என்ற இரண்டு வார்த்தைதான் தெரியும். மிச்ச வார்த்தைகளை ருஷ்ய மொழியில் எழுதிக் கொடுக்கத்தான் நான்.

ஃபேன் காற்றில் கற்ற பாஷை

செஞ்சிக்காரனுக்கு ருஷ்ய மொழி எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். மெட்ராஸில் ஒரு ஆபீசில் தற்காலிக குமாஸ்தாவாக இருந்தேன். தகரக் கூரை போட்ட ரூமில் நாலு பேர் குடியிருந்தோம். சாயந்திரமானால் உள்ளே உட்கார முடியாது, வெந்துபோவோம். அடுத்த தெருவில் இலவசமாக ருஷ்ய மொழி வகுப்பு நடந்தது. அங்கே தலைக்கு மேலே இரண்டு ஃபேன் ஓடும். காற்று வாங்கப் போனவன் இரண்டு வருஷம் ஒரு நாள் விடாமல் போனேன். கதை படித்தேன், கவிதை படித்தேன், டீச்சரம்மா மெச்சும்படி பேசவும் செய்தேன். ஆனால் பிசிக்ஸ் என்றால் எனக்கு ஆகாது. பி.யு.சி.யில் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் கோட்டை விட்டவன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சரோஜா செஞ்சியில், நான் மெட்ராஸில். மாசத்துக்கு ஒரு தரம் பஸ் ஏறி வருவேன். வந்த மறுநாளே திரும்பவேண்டும். இந்த வேலை கிடைத்தால் செஞ்சியிலேயே வீடு பார்த்துச் சேர்ந்து வாழலாம். அதனால்தான் முகாம் சூப்பர்வைசர் வரதராஜுலு என்னை மேலும் கீழும் பார்த்து, “மெக்கானிக்ஸ் எல்லாம் தெரியுமா?” என்று கேட்டபோது, “அடிப்படை தெரியும் சார்” என்றேன். சுத்தப் பொய். அவர் சொன்னார்: “சரி, மூணு மாசம் பார்ப்போம். தப்புத் தப்பா எழுதுனீங்கன்னா டில்லிக்குத் தந்தி அடிச்சு வேற ஆளைக் கூப்டுக்குவேன், நீங்க மறுநாளே மெட்ராஸ் பஸ் ஏறிடலாம்.”

கரீம் பாய் பட்டறை

முதல் நாளே கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். டார்க், ஷியர், த்ரஸ்ட் என்று நாற்பது வார்த்தை. நான் படித்த வகுப்பு கதை கவிதை வகுப்பு. என் அகராதியில் பெருமூச்சுக்கு ஏழு வார்த்தை இருந்தது. டார்க்குக்கு ஒன்றுகூட இல்லை. ஏதோ திருகுகிற சமாசாரம் என்ற அளவில் புரிந்தது, அவ்வளவுதான்.

கரீம் பாய் ஐந்தாங்கிளாஸ் வரைக்கும் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டறை வைத்திருந்தார். லாரி, பஸ் ஸ்பிரிங் வேலையில் அவரை அடித்துக்கொள்ள சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. முகாமில் கனமான வேலை வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் போய், “பாய், டார்க்னா இன்னா?” என்று கேட்டேன். “அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது வாத்யாரே. அது இன்னா பண்ணும், அதைச் சொல்லு” என்றார். புத்தகத்தில் இருந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். ஒரு பஸ் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டி, “திருப்பு” என்றார். பல்லைக் கடித்துத் திருப்பியும் அசையவில்லை. நாலடிக் குழாய் ஒன்றை ஸ்பேனர் பிடியில் சொருகி, “இப்போ ஒத்தக் கையால அமுக்கு” என்றார். நட்டு மறுபேச்சுப் பேசாமல் திரும்பியது. “அதே கைதான், அதே ஆளுதான். புடி நீளமாச்சு, பார்த்தியா? அதான் உன் டார்க்கு” என்றார். அடப் பாவி, பி.யு.சி.யில் இவர் பாடம் எடுத்திருந்தால் நான் ஃபெயிலாகியிருக்கவே மாட்டேன்.

மறுநாள் இன்ஜினீயர் முன்னால் போய் நின்று, இல்லாத ஸ்பேனரைப் பிடித்து, இல்லாத குழாயைச் சொருகி, இல்லாத நட்டைத் திருகிக் காட்டினேன். அவர் அதற்கு ருஷ்யப் பெயரைச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரியும், சும்மா சரிபார்க்கிறேன் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டேன். இப்படியே தகரம் வெட்டினேன், கம்பி வளைத்தேன், தூணாக நின்று நசுங்கினேன். ஒரு வாரத்தில் நாற்பது வார்த்தையும் முடிந்தது. கடைசி வார்த்தைக்கு நான் இரண்டு பக்கமும் இழுபட்டு நின்றபோது, இன்ஜினீயர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “எத்திராஜ், உங்கள் ஊரில் மொழிபெயர்ப்பாளர்கள் எல்லோரும் நடனம் கற்றுக்கொண்டுதான் வருவார்களா?”

ராட்டினம்

கோட்டைக்குப் போகிற தெருவில் எங்களுக்கு ஒரு வாடகை வீடு கிடைத்தது. பின்பக்கம் நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒரு நாள் கிணற்று ராட்டினம் உடைந்துபோய்விட்டது. சரோஜா கயிற்றை வெறும் கட்டைமேல் போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கோ உராய்வைப் பற்றி ஆறு பக்கம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“ராட்டினம் இருந்தப்போ இழுத்ததுக்கும் இப்போ இழுக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்குது? ரெண்டு மடங்கு இருக்குமா?” என்றேன். அவள் அடுத்த வாளியை இறக்கினாள். “கை எந்த இடத்துல வலிக்குது? மேல வர வர கூடுதா, ஒரே மாதிரி இருக்குதா?” என்றேன். அண்டை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சரோஜா வாளியைத் தூக்கி டொக்கென்று என் காலடியில் வைத்தாள். அதில் பாதித் தண்ணீர் என் நோட்டின்மேல் வந்தது. “இன்னாங்க, தண்ணி இழுக்குறவ ஒருத்தி, பக்கத்துல நின்னு கணக்கு எழுதுறவரு ஒருத்தரு. இதுக்கு ருஷ்யாக்காரங்க இன்னா பேரு வச்சிருக்காங்கன்னு நாளைக்குக் கேட்டுட்டு வாங்க” என்றாள்.

பொடி எழுத்து

இன்ஜினீயர் பெயர் பெத்ரோவிச். ஊர்க்காரர்கள் இரண்டே நாளில் அவரைப் பெத்துராசு ஆக்கிவிட்டார்கள். அவரும் பெத்துராசு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். தக்காளிப்பழ நிறம், வெயில் பட்டால் மிளகாய்ப்பழ நிறம். நல்ல மனுஷர், ஆனால் முன்கோபி.

கம்ப்ரஸர் புத்தகத்தை நான் ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தேன். பயம்தான் காரணம். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரிந்தால்தானே விடுவதற்கு? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொடி எழுத்தில் கம்பெனிக்காரனின் பெருமை இருக்கும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து நாணயமான வியாபாரம், எங்கள் பொருளுக்கு ஈடு இணை கிடையாது, வேறு சாமான் வாங்கிப் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று. அதையெல்லாம் அழகான இலக்கிய நடையில் எழுதி வைத்தேன். பெத்துராசு கொளுத்தும் வெயிலில் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஏதோ முக்கியமான எச்சரிக்கை என்று மூன்று பக்கம் உன்னிப்பாகப் படித்தார். படித்து முடித்ததும் மிளகாய்ப்பழ நிறத்துக்குப் போனார். “இந்தக் கம்பெனி முதலாளிக்கு என் பெண்ணைக் கொடுக்கப் போவதில்லை, எத்திராஜ். இனிமேல் அடியில் இருக்கும் பொடி எழுத்தை விட்டுவிடுங்கள்!” என்றார்.

பெத்துராசுவின் நாற்காலி

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாறைக்குள் இருக்கும் குழாயை மேலே இழுக்கிற நாளில் எல்லோரும் தள்ளி நிற்கவேண்டும் என்பது முகாமின் சட்டம். குழாய் வாயில் பிடி போடுகிற கரீம் பாய் மட்டும் பக்கத்தில் இருப்பார், வேறு வழியில்லை. பெத்துராசு ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கயிறு இறங்குகிற இடத்திலிருந்து நாலடி தூரத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வார். கயிறு அறுந்தால் முதலில் அடிபடுகிறவர்கள் அவரும் பாயும்தான்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். “எவ்வளவு இழுக்கலாம் என்று எண்ணை எழுதுகிறவன் நான். எழுதினவன் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும். எங்கள் பழைய ஃபோர்மன் அப்படித்தான் செய்வார்” என்றார். எண்ணை மொழிபெயர்த்தவன் எங்கே உட்காரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது அடி தள்ளிப் புளியமர நிழலில் ஃபைலோடு நின்றுகொண்டேன். பெத்துராசு சொன்னதைக் கரீம் பாய்க்குத் தமிழில் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஏன் வாத்யாரே, இந்தாளுக்கு வூட்ல பொஞ்சாதின்னு ஒருத்தி இல்லியா, சொல்லித் திருத்த?”

நைனா வந்த நாள்

எங்கள் நைனா பிறத்தியார் நிலத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்தே என்னைப் படிக்கவைத்தவர். ஒரு நாள் பஸ் பிடித்து முகாமுக்கு வந்து வேலிக்கு வெளியே நின்றார். தோளிலிருந்த துண்டு இடுப்புக்குப் போயிருந்தது. உள்ளே வா என்றால் வரவில்லை. பெத்துராசு அதைப் பார்த்துவிட்டு, யார் என்று கேட்டார். என் அப்பா என்றேன். தன் மடக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேலி ஓரத்தில் விரித்து, நைனாவின் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். சூப்பர்வைசர் ஏதோ கேட்டதற்கு நான் ருஷ்ய மொழியில் பதில் சொன்னேன்.

நைனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அரை மணி நேரம் எந்திரத்தைப் பார்த்தார். அது பாறையைக் குடைந்து புழுதியைக் கக்கிக்கொண்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று பெத்துராசு பெருமையாகக் கேட்டார். மொழிபெயர்த்தேன். நைனா எழுந்து நின்று பணிவாகச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்குது. ஆனா இத்தினி சத்தம் போட்டும் ஒரு சொட்டுத் தண்ணியக் காணமே. எங்க மாடு சத்தமே போடாது, தண்ணி வந்துடும்னு சொல்லுடா.”

எனக்கு வேலையில்லாத மத்தியானம்

செஞ்சிப் பாறை லேசுப்பட்டதல்ல. இழுவை மெஷினின் பல் சக்கரம் ஒரு நாள் பிசகிக்கொண்டது. பெத்துராசு ஒரு பக்கம் குனிந்தார், கரீம் பாய் மறுபக்கம் குனிந்தார். நான் நடுவில் நோட்டோடு நின்றேன். பெத்துராசு ருஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய் அவர் கேட்ட சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். பாய், “அப்டி இல்ல சார், இப்டி” என்றார். பெத்துராசு உடனே பிடியை மாற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒரே போல்ட்டைத் திட்ட ஆரம்பித்தார்கள், ஆளுக்கொரு பாஷையில்.

இரண்டு மணி நேரத்தில் நான் மொழிபெயர்த்தது ‘நன்றி’ என்ற ஒரு வார்த்தை. அதுவும் பாய் ஏற்கெனவே சலாம் வைத்து முடித்த பிறகு. என் முகம் வாடியதைப் பார்த்துப் பெத்துராசுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். முதுகில் தட்டி, “எத்திராஜ், உங்களுக்குக் களைப்பாக இருக்கும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்” என்றார்.

சீமைக் கயிறு

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். அந்த நேரம் பார்த்துத் தொண்ணூறு அடி ஆழத்தில் குழாய் சிக்கிக்கொண்டது. பழைய கயிறு நைந்திருந்தது. வியாழக்கிழமை புதுச் சீமைக் கயிறு வந்தது, கூடவே நாலு பக்கத்தில் ஒரு புத்தகம். அதில் ஒரு அட்டவணை. ஒரு கட்டத்தில் கயிற்றின் பருமன், அடுத்த கட்டத்தில் எத்தனை டன் என்று இருந்தது. முகாமில் ஏற்கெனவே ருஷ்யக் கயிற்றுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதிலும் அச்சு அசலாக அதே மாதிரி அட்டவணை. இரண்டாம் கட்டத்தின் தலைப்பு, ‘ஏற்றலாம் என்று அனுமதித்த பளு’. நமக்குத்தான் தெரியுமே, ரெடிமேடாகக் கிடைத்தால் விடுவோமா? தலைப்பை அங்கிருந்து எடுத்தேன், எண்களை இங்கிருந்து எடுத்தேன், அரை மணியில் வேலை முடிந்தது. அடியில் இரண்டு வரி பொடி எழுத்து இருந்தது. உத்தரவுப்படி விட்டுவிட்டேன். சரோஜாவுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்குப் போனேன்.

எங்கள் கயிற்றுக்குப் பன்னிரண்டு டன் என்று என் தாளில் இருந்தது. பெத்துராசு புருவத்தைத் தூக்கி, “நிஜமாகவா?” என்றார். “புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது” என்றேன். “சீமைக்காரன் கயிறு கெட்டிதான் போலிருக்கிறது. நான் பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்” என்றார். வெள்ளிக்கிழமை காலை இழுவைக்கு எல்லாம் தயாரானது. பெத்துராசு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கரீம் பாய் லாரி இன்ஜின் தூக்கும் தன் சங்கிலியை எடுத்துவந்து, குழாய் நழுவாமல் இருக்க ஒரு கட்டுப் போட்டார். சங்கிலியில் ‘ஒரு டன்’ என்று குத்தியிருந்தது. “இவ்வளவு பெரிய சங்கிலி ஒரு டன்தான் தாங்குமா பாய்?” என்று சும்மா கேட்டேன். “ஆறு டன்னு போட்டாக்கூட அறுவாது வாத்யாரே. கம்பெனிக்காரன் ஆறுல ஒரு பங்குதான் தூக்கச் சொல்லுவான். இன்னா இருந்தாலும் உசிரு இல்லியா?” என்றார்.

புளியமரத்தடிக்கு வந்தேன். மெஷின் உறும ஆரம்பித்தது. ஆறில் ஒரு பங்கு. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே? ஃபைலைப் பிரித்தேன். சீமைப் புத்தகத்தின் பொடி எழுத்து: ‘மேலே கண்டவை கயிறு அறுந்துபோகும் பளு. இதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது.’ இரண்டு டன் ஏற்றவேண்டிய கயிற்றுக்குப் பன்னிரண்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இழுவை மீட்டரில் முள் நாலைத் தாண்டிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம்: கொஞ்ச நேரம் நான் அசையாமல் நின்றேன். நாளைக்குக் கையெழுத்து. ஐந்து டன்னிலேயே குழாய் வந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மெட்ராஸ் ரூமின் தகரக் கூரை கண்ணில் தெரிந்தது. அப்போது கரீம் பாய் குழாய் வாயில் குனிந்தார், கயிற்றுக்கு நேர் கீழே அவர் பிடரி. அதைப் பார்த்ததும் என் கால் தானாக ஓடியது. “யோவ், நிறுத்துய்யா! நிறுத்து!” என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பெத்துராசு சட்டென்று கையைத் தூக்கினார். மெஷின் நின்றது.

மூச்சு வாங்க விஷயத்தை ருஷ்ய மொழியில் சொன்னேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார், கயிற்றை அண்ணாந்து பார்த்தார், கரீம் பாயைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பிறகு தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுக் கத்த ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் நிற்கவில்லை. என்னைச் சொன்னார், என் அகராதியைச் சொன்னார், பொடி எழுத்தை விடச் சொன்ன தன்னையும் சொல்லிக்கொண்டார். சூப்பர்வைசர் வரதராஜுலு ஓடிவந்து, “இன்னா சொல்றாரு? டிரான்ஸ்லேட் பண்ணுங்க” என்றார். கண்ணில் நீர் முட்ட, “நான் ஒரு முட்டாள்னு சொல்றாரு சார்” என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு நிமிஷமா அதை மட்டுமா சொன்னாரு?”

இரண்டாவது நாற்காலி

நடந்ததை முழுதாகச் சொன்னேன். சூப்பர்வைசர், “டில்லிக்குத் தந்தி அடிக்கப் போறேன், வேற ஆள் வருவாருன்னு அவருக்குச் சொல்லுங்க” என்றார். என் சீட்டுக் கிழிவதை நானே மொழிபெயர்த்தேன். பெத்துராசு கேட்டுவிட்டு அமைதியாக ஒரு பதில் சொன்னார். “சொல்லுங்க” என்று சூப்பர்வைசர் அதட்டினார். “வேற ஆள் வேண்டாமாம் சார். புது ஆளும் பொடி எழுத்தை விட்டுடுவாராம். நான் மட்டும் சாகற வரைக்கும் விடமாட்டேனாம்” என்றேன். நீங்களே சொல்லுங்கள், இதை யார் நம்புவார்கள்? அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “இது அவர் சொன்னதா, நீங்களா சேர்த்ததா?” என்றார். சாட்சிக்கு ஆளில்லை. முகாமில் இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான்.

பெத்துராசு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூடாரத்துக்குள் போய் இன்னொரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்தார். கயிற்றுக்கு நாலடியில் இருந்த தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அதை விரித்துப் போட்டு, என்னைப் பார்த்து விரலை நீட்டினார். சூப்பர்வைசருக்கு அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை உருளைகள் வந்தன. பளு நாலாகப் பங்குபோகும்படி ஒரே கயிற்றை அவற்றில் நாலு மடியாகப் போட்டார்கள். ஒரு மடிக்கு இரண்டு டன்னுக்கு மேல் போகாது என்று நானே மூன்று முறை கணக்குப் போட்டு, பாயிடம் காட்டி, பெத்துராசுவிடம் காட்டி எழுதிக் கொடுத்தேன். அப்புறம் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இரண்டு கையாலும் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். நாலு மடிக்கும் சேர்த்து முள் ஏழைத் தொட்டது, கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது. எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். திடீரென்று பூமிக்குள் ‘டொங்’ என்றது, குழாய் ஒரு அடி மேலே வந்தது. ஆட்கள் கூச்சல் போட்டார்கள். பெத்துராசு, “ஹரஷோ! ஹரஷோ!” என்று, அதாவது நல்லது நல்லது என்று, என் தொடையில் ஓங்கி அடித்தார். கரீம் பாய் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வியர்த்து வழிந்துகொண்டிருந்த என்னைக் குனிந்து பார்த்தார். “இன்னா வாத்யாரே, இன்னிக்குத்தான் ருஷ்ய பாஷை உனக்குச் சுத்தமா வந்துருக்குது போல?”

அதற்கப்புறம் எத்தனையோ பேருக்கு எவ்வளவோ மொழிபெயர்த்துவிட்டேன். ஆனாலும் கல்யாணப் பத்திரிகையே கையில் வந்தாலும் முதலில் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துவிட்டு, எனக்கு நாற்காலி எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்குத் தீராத வியாதியாகிவிட்டது.